நாள் தள்ளுமுன்

பெங்களூரு கரகத் திருவிழாவைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை கிடையாது. தர்மராயசுவாமி கோயில், சித்திரைப் பௌர்ணமி, மல்லிகைக் கூம்பு, வாளேந்தி ஓடும் வீரகுமாரர்கள் எல்லாம் எழுதியாயிற்று. அந்தக் கரகத்தை எடுக்கும் திகளர்கள் வருஷத்தின் மற்ற நாளெல்லாம் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கீரை போட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த தோட்டக்காரக் குடிகள் அவர்கள். 1760-இல் ஹைதர் அலி லால்பாக்கைத் தொடங்கியபோது வந்தவர்கள் என்பது பரவலான பேச்சு. வீட்டுக்குள் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். ஏரிநீரை நம்பித்தான் அவர்கள் தோட்டம். சம்பங்கி ஏரி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். கரகச் சடங்குக்காக ஒரு சின்னக் குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். தர்மாம்புதி ஏரியின் மேல்தான் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது. ஏரிகள் போன பிறகு கீரைக்கட்டு ஊருக்கு வெளியிலிருந்து வண்டியேறி வர ஆரம்பித்தது.

நான் அதே பெங்களூரின் அல்சூரில் பிறந்தவள். மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் "என்னம்மா சாப்பிடறே?" என்று கேட்டே என் காலம் போயிற்று. கேட்டுக் கேட்டுக் கடைசியில் எனக்குள் தங்கிய கேள்வி வேறு. ஒரு பெண்ணுக்கு நல்ல சாப்பாடு வேண்டும் என்பதை எல்லாக் காலமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. எப்போது வேண்டும் என்பதில்தான் தகராறு.

எங்கள் ஆயா வட ஆர்க்காட்டுப் பக்கம். பெண் வயசுக்கு வந்துவிட்டால் அவள் கணக்கு சுத்தமாக இருக்கும். உளுந்தங்களி, அதன் நடுவே குழி பண்ணி நல்லெண்ணெய், கருப்பட்டி. காலையில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். எள்ளுருண்டை எந்நேரமும். "இடுப்புக்குப் பலம் வேணும்டீ, நாளைக்கு ஒரு புள்ள பெக்கணும் இல்ல" என்பாள். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா தன் மகளுக்குக் கொப்பரையும் வெல்லமும் கொடுத்தார். கூடவே சிகளி, அதாவது எள்ளும் வெல்லமும் இடித்துப் பிடித்த உருண்டை. அதே சிகளி ஆடி, ஆவணியில் நாகபஞ்சமிக்கும் வரும். தம்பிட்டும் (மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை) சிகளியும் பாலும் எடுத்துக்கொண்டு அரசமரத்தடி நாகர்கல்லுக்குப் போவார்கள். பெங்களூரில் தெருவுக்குத் தெரு அப்படியொரு மேடை உண்டு. பிள்ளை வேண்டிக் கல் நட்ட பெண்கள் எத்தனை பேர் என்று அந்த மேடைகளைப் பார்த்தாலே தெரியும்.

முன்னோர் எல்லாம் தெரிந்தே வைத்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எள்ளில் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் இருக்கின்றன, உளுந்தில் புரதமும் ஃபோலேட்டும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் களி ஊட்டிய அதே ஆயாக்கள்தான், முழுகாமல் இருக்கும் பெண்ணிடம் "ரொம்பத் தின்னாதே, பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம்" என்று தட்டைப் பிடுங்கியவர்கள். இன்னொன்றும் கவனித்தேன். வயசுக்கு வந்தபோது ஒரு விருந்து, ஏழாம் மாதம் வளைகாப்புக்குச் சித்திரான்னம். நடுவில்? கல்யாணமான புதிதில், கரு தங்கப்போகிற அந்த வாரங்களில், பெண்ணுக்கென்று தனியாக ஒரு பண்டமும் நம் வழக்கத்தில் இல்லை. அந்தக் காலத்தில்தான் வெள்ளிக்கிழமை ஒரு விரதம், செவ்வாய்க்கிழமை ஒரு விரதம். புகுந்த வீட்டில் கடைசிப் பந்தி.

அரசாங்கமும் இதே இடத்தில்தான் இடறியது. மைசூர் சமஸ்தானம் முற்போக்கானது. 1930-இல், மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, அரசு மருத்துவமனைகளிலேயே கருத்தடை ஆலோசனை நிலையங்கள் திறக்க உத்தரவிட்டது; ஓர் அரசாங்கமே முன்வந்து அப்படிச் செய்தது உலகிலேயே முதல் தடவை என்று சொல்வார்கள். 1935-இல் பெங்களூரில் வாணி விலாஸ் மகப்பேறு மருத்துவமனை வந்தது. பிள்ளை எப்போது வேண்டாம் என்று யோசிக்கவும், வந்தபின் எங்கே பெறுவது என்று யோசிக்கவும் ஆள் இருந்தது. வருவதற்கு முன் தாய் என்ன சாப்பிட்டாள் என்பது யார் தலையிலும் ஏறவில்லை.

அதே வருஷங்களில் விடையின் ஒரு நுனி நமக்குப் பக்கத்திலேயே அகப்பட்டது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடும் ரத்தசோகை. ரத்த அணுக்கள் வீங்கிப் பெரிதாக இருக்கும், பலர் செத்துப்போவார்கள். கிருமியா என்று தேடினார், இல்லை. பிறகு அவர்கள் சாப்பாட்டைப் பார்த்தார். 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை. 1931-இல் சென்னை திருவல்லிக்கேணியில், அப்போது கோஷா ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருந்த இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில். எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அந்த ஏழைப் பெண்களின் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார். நோயுற்ற குரங்கு ஒன்று மார்மைட் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தது. பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான கரும்பசை அது. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். உள்ளே இருந்த பொருள் என்னவென்று பத்து வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை. 1941-இல் டெக்சாஸில் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து வடித்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஃபோலிக் அமிலம்.

குன்னூரில் அப்போது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்குத் தலைவர் ராபர்ட் மெக்காரிசன். அவருடைய எலிக்கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்தியாவின் ஒவ்வொரு பகுதியின் சாப்பாட்டையும் ஒரு கூட்டம் எலிகளுக்குப் போட்டு எடை பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய் என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி சராசரி 235 கிராம். கன்னட எலி 185. மதராஸ் எலி 155, எல்லோருக்கும் கடைசி. தீட்டிய அரிசி செய்த வேலை அது. அல்சூரில் எதிரெதிர் வீடாக இருந்த எங்களுக்குள் முப்பது கிராம் வித்தியாசம் என்று வகுப்பில் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். எதிர்வீட்டில் ராகி முத்தே, அதாவது ராகிக் களியுருண்டை. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, எந்த அரிசியும் பக்கத்தில் வர முடியாது. அதோடு பஸ்ஸாரு. தண்டு, சபசீகே, ஹொனகொனே என்று கைக்குக் கிடைத்த சொப்பை எல்லாம் (இங்கே கீரையைச் சொப்பு என்பார்கள்) பருப்போடு வேகவைப்பார்கள். வடித்த கீரையும் பருப்பும் பொரியல். வடித்த தண்ணீரில் பூண்டும் மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டால் அதுதான் சாறு. கீரையில் ஃபோலிக் அமிலம் ஃபோலேட் என்ற வடிவில் இருக்கிறது; அது தண்ணீரில் கரைவது, சூட்டில் அழிவது. கீரை வெந்த நீரைக் கொட்டினால் ஏறக்குறையப் பாதி அதோடு போய்விடும். எங்கள் வீட்டில் கீரை "கசக்கும்" என்று அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கடைந்ததை மட்டும் தட்டில் வைத்தோம். திகளர்கள் விளைவித்ததில் பாதியை அல்சூர்ச் சாக்கடை சாப்பிட்டது.

கீரைக்கும் கருவுக்கும் உள்ள உறவு வெறும் ரத்தசோகையோடு நிற்கவில்லை. 1960-களிலேயே இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஸ்மித்தெல்ஸ் போன்ற மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளின் தாய்மாருக்கு ஃபோலேட் குறைவோ? நிக்கோலஸ் வால்ட் தலைமையில் ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடந்த சோதனை 1991-இல் அதை முடித்துவைத்தது. ஏற்கெனவே அப்படியொரு குழந்தையைப் பெற்ற பெண்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே. அடுத்த குழந்தைக்கு அதே குறை வருவது 72 விழுக்காடு குறைந்தது.

முன்பிருந்தே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் அந்தக் குழல், கரு உண்டான 28-ஆம் நாளுக்குள் மூடிவிடும். ஒரு பெண் "நாள் தள்ளிப்போயிருக்கு" என்று மாமியாரிடம் சொல்லும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து அட்டை போட்டு என் முன்னால் உட்காரும்போது எல்லாமே முடிந்திருக்கும். அப்போது நான் கீரையைப் பற்றிப் பேசுவேன்; அவள் தலையாட்டுவாள்.

இந்தியா 1970-இல் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை கொடுக்க ஆரம்பித்தது. ரத்தத்துக்கு அது நல்லது, பிரசவத்தில் உயிர் காக்கும். முதுகுத்தண்டுக்கு அது ரயில் போன பிறகு எடுத்த டிக்கெட். வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை என்று ஆரம்பித்தது 2012, 2013 வாக்கில்தான். 2018-இல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம் வந்தபோது, பிள்ளை பெறத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்குமுன் தொடங்கி முதல் மூன்று மாதம் முடியும்வரை தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கல்யாணத்துக்கு முன் மகளை அழைத்துவந்து அதைக் கேட்டு வாங்கிய அம்மா ஒருத்தியைக்கூட நான் பார்க்கவில்லை. சிக்பேட்டையில் பட்டுப்புடவைக்கு நாள் முழுக்கச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி சொல்லப்போவது கீரைக்கட்சிக்காரியான எனக்கு அவ்வளவு சாதகமில்லை. மைசூரில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். ஃபோலேட் குறைந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். பி12 குறைந்தவர்கள் நூற்றுக்கு 43 பேர்! பி12 கீரையில் கிடையாது, ராகியில் கிடையாது, எள்ளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி, அவ்வளவுதான். பச்சை முட்டையைக் குடிக்கவைத்த ஆயா இந்த இடத்தில் என்னைவிட ஒருபடி மேலே நிற்கிறாள் (பச்சையாகக் குடிப்பதை நான் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன், வேகவைத்தே கொடுக்கலாம்).

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2006-லேயே, பி12 குறைந்த தாய்மாரின் குழந்தை வயிற்றுக்குள் சரியாக வளர்வதில்லை என்று எழுதினார்கள். 2013-இல் அவர்களே இன்னொன்று சொன்னார்கள்: பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் ஏறினால் குழந்தை சிறுத்துப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரை எழுதும் கை கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய செய்தி. ஃபோலிக்கை விடச் சொல்லவில்லை; பி12-ஐயும் பார்த்துவிடுங்கள் என்பதே அதன் பொருள். 2014-இல் வெளியான அவர்களுடைய சோதனையில் 366 பெங்களூர்ப் பெண்கள். ஒரு பாதிக்குத் தினமும் 50 மைக்ரோகிராம் பி12, பிரசவத்துக்கு ஆறு வாரம் பின்வரை. தாயின் ரத்தத்திலும் தாய்ப்பாலிலும் குழந்தையிடமும் பி12 உயர்ந்தது. ஆனால் அந்தப் பெண்கள் சேர்ந்ததும் கர்ப்பமான பிறகுதான்.

முன்னாடியே சாப்பாடு கொடுத்துப் பார்த்த ஆய்வு மும்பையில் நடந்தது. ரமேஷ் போட்தாரும் கரோலைன் ஃபாலும் 2006-இல் சேரிப்பகுதிப் பெண்களுக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்த்த ஒரு பலகாரத்தைத் தினமும் கொடுத்தார்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே. மொத்தமாகப் பார்த்தால் குழந்தைகளின் எடை கூடவில்லை. கருத்தரிக்க மூன்று மாதத்துக்கு முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 48 கிராம் கூடியிருந்தது. அதைவிட எதிர்பாராதது, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் 12.4 விழுக்காட்டிலிருந்து 7.3-க்கு இறங்கியது. மாத்திரையில் இல்லை, பலகாரத்தில்.

இத்தனைக்கும் நடுவில், "இதைச் சாப்பிட்டால் மூன்றே மாதத்தில் கரு நிற்கும்" என்று பொடி விற்பவர்கள் இந்த ஊரில் பெருகிவிட்டார்கள். குழாய் அடைத்திருந்தால், கருமுட்டை வெளிவராமல் இருந்தால், கணவனிடம் குறை இருந்தால் எந்தக் கீரையும் எந்தப் பொடியும் அதைத் திறக்காது. இரும்பு, ஃபோலேட், பி12, அயோடின் இவை உடம்பை ஆயத்தமாக்கும். பிள்ளை தருவதாக வாக்குக் கொடுக்காது. பொடிக்காரரிடம் போன பெண்கள் ஒன்றிரண்டு வருஷம் வீணாக்கிவிட்டு மருத்துவரிடம் வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

கருத்தரிப்புக்கு இன்னும் வெகுமுன்னே போய், புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் என்ற மருத்துவர் 2012-இல் ஒரு வேலை செய்தார். அவர் பிறப்பிலிருந்தே கவனித்துவந்த குழந்தைகள் வளர்ந்து இளம் வயதை எட்டியிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் இரண்டே இரண்டு மைக்ரோகிராம் பி12 கொடுக்க ஆரம்பித்தார், அவர்களுக்கே குழந்தை பிறக்கும்வரை. பெண்களுக்கு மட்டுமல்ல, பையன்களுக்கும். எங்கள் ஆயா உளுந்தங்களி கிண்டும்போது என் தம்பி சட்டி ஓரத்தைச் சுரண்டித் தின்ன வருவான். "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடா இது" என்று அவள் கரண்டியால் விரட்டுவாள். அவன் சுரண்டிக்கொண்டுதான் போவான்.