தமிழ் அச்சு நூற்பட்டியலை எண்மப் பதிவாக்கல்

அச்சில் வந்த நூற்பட்டியலை அல்லது நூலக அட்டைகளைக் கணினியில் தேடக்கூடிய பதிவுகளாக மாற்றும் பணி இது. மலேசியத் தமிழ் நூல்களுக்கு இப்பணியின் முதன்மையான மூலங்களுள் ஒன்று ‘தமிழ் மலேசியானா’. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட இந்தப் பட்டியலைத் தொகுத்தவர், அங்கே இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய இராம. சுப்பையா.

பக்கங்களைப் படமெடுத்து வைத்தால் பட்டியல் அழியாமல் இருக்கும், தேட உதவாது. அச்சில் ஒரே ஓட்டமாக வரும் பதிவை ‘மார்க்’ என்னும் நூலகப் பதிவு அமைப்பின் புலங்களாகப் பிரிக்க வேண்டும்: ஆசிரியர் 100இல், தலைப்பு 245இல், வெளியீட்டு விவரம் 264இல். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் வகுத்த அமைப்பு இது. அதன் பழைய எழுத்துத் தொகுதியில் தமிழுக்கு இடமில்லை. ஆகவே தமிழ் நூல்கள் நெடுங்காலம் உரோமன் எழுத்திலேயே பதிவாயின. யூனிகோடு வந்தபின், 880ஆம் புலத்தில் தமிழ் வடிவத்தையும் இணையாகச் சேர்க்க வழி பிறந்தது.

பெரும் சிக்கல் பெயர்களில்தான். தொகுப்பாசிரியர் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். காங்கிரஸ் நூலக ஒலிபெயர்ப்பு முறையில் ‘சுப்பையா’ ஆங்கில ‘சி’ எழுத்தில் தொடங்கும். நாட்டு வழக்கிலோ ‘எஸ்’. இராம, ராம என்ற இரு வடிவங்கள் வேறு. இவற்றையெல்லாம் ஒரே ஆளுக்கு உரியவை என்று கட்டிப்போடும் பெயர்க் கட்டுப்பாட்டுக் கோப்பு இல்லாவிட்டால், ஒருவர் மூவராகிவிடுவார். முன்னெழுத்தும் பெயரும் ஒன்றாக உள்ள இருவர் ஒருவராவதும் உண்டு. பின்னதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆண்டும் தடுமாற வைக்கும். பழைய நூல்கள் சிலவற்றில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டுமே இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பிவரும்: குரோதி என்றால் 1904ஆகவும் இருக்கலாம், 1964ஆகவும் இருக்கலாம். தாளையும் அச்சகப் பெயரையும் பார்த்துத்தான் தீர்க்க முடியும். அதனால், பட்டியலை மட்டும் வைத்துத் தட்டச்சு செய்வதைவிட நூலைக் கையில் எடுத்துச் சரிபார்ப்பது மெதுவானது என்றாலும் நம்பகமானது.

இடத்தைக் குறிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1887இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ போன்ற இதழ்கள் வெளிவந்தபோது மலேசியா, சிங்கப்பூர் என்ற இரு நாடுகள் இல்லை. ஆயினும் நாட்டுக் குறியீடு அச்சான ஊரின் இன்றைய நிலையைப் பார்த்தே இடப்படும். ஆகவே ‘மலேசியா’ என்று மட்டும் வடிகட்டித் தேடுபவருக்கு இவ்விதழ் கிடைக்காது.