மார்க்கக் கல்வியின் நம்பகமும் தீமை தடுத்தலும்: கொற்கைக் கடற்கரை மரபு

மார்க்கக் கல்வியை நம்பத்தக்க ஆசிரியரிடமிருந்து பெறுவதும், பிறர் செய்யும் தவறைக் கண்டவிடத்து முறையறிந்து திருத்துவதும் இஸ்லாம் வலியுறுத்தும் இரு கடமைகளாகும். முன்னது ‘இல்ம்’ (அறிவு) என்ற தலைப்பிலும், பின்னது ‘அம்ரு பில் மஅரூஃப், நஹ்யு அனில் முன்கர்’ (நன்மையை ஏவுதல், தீமையைத் தடுத்தல்) என்ற தலைப்பிலும் நூல்களில் தனித்தனியே பேசப்படுகின்றன. ஆயினும் தவறு எது என்பதை ஐயமற அறிந்தவருக்கே அதனைத் திருத்தும் தகுதி உண்டு என்பதால் பின்னது முன்னதைச் சார்ந்தே நிற்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் கொற்கைக் கரையில், காயல்பட்டினத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த தமிழ் முஸ்லிம் கல்வி மரபில் இந்தச் சார்பைத் தெளிவாகக் காணலாம்.

மூல ஆதாரங்கள்

தீயவர் ஒருவர் கொண்டுவரும் செய்தியை ஆராயாமல் ஏற்றுச் செயற்பட வேண்டாம் என்று குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது; அறியாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்று 17ஆம் அத்தியாயம் 36ஆம் வசனமும், அறியாதவர் அறிந்தவரிடம் கேட்க வேண்டும் என்று 16ஆம் அத்தியாயம் 43ஆம் வசனமும் கூறுகின்றன. நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் குழு ஒன்று சமுதாயத்தில் இருக்க வேண்டும் என்பது 3ஆம் அத்தியாயம் 104ஆம் வசனத்தின் கருத்து. ஃபிர்அவ்னிடம் சென்ற மூஸா, ஹாரூன் ஆகிய இருவரும் அவனிடம் மென்மையாகப் பேசுமாறு பணிக்கப்பட்டதை 20ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. கொடுங்கோலனிடமே மென்சொல் வேண்டுமெனில் சக முஸ்லிமிடம் அது எவ்வளவு வேண்டும் என்று அறிஞர்கள் இதனை விரித்துரைப்பர்.

தீமையைக் காண்பவர் கையாலும், இயலாவிட்டால் நாவாலும், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தாலும் அதனை மாற்ற வேண்டும் என்னும் நபிமொழி ‘ஸஹீஹ் முஸ்லிம்’ தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. ஆளுநர் மர்வான் பெருநாள் தொழுகைக்கு முன்பே சொற்பொழிவு நிகழ்த்தத் தொடங்கியபோது ஒருவர் எழுந்து மறுத்துரைக்க, அதனைக் கண்ட நபித்தோழர் அபூ ஸயீத் அல்குத்ரீ இந்நபிமொழியை எடுத்துக்கூறி அவரை ஆதரித்தார். மறுபுறம், பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியர் ஒருவரைத் தோழர்கள் அதட்ட முற்பட்டபோது நபிகள் நாயகம் அவர்களைத் தடுத்து, அவ்விடத்தில் தண்ணீர் ஊற்றச் செய்து, பின்னர் அவருக்குப் பள்ளிவாசலின் ஒழுங்கைப் பொறுமையாக விளக்கினார். துணிவு, கனிவு ஆகிய இரண்டில் எது எப்போது பொருந்தும் என்பதைச் சட்ட அறிஞர்கள் இத்தகைய நிகழ்வுகளிலிருந்தே வகுத்தனர்.

அறிவிப்பாளரின் தகுதி

நபிமொழியை ஒருவரிடமிருந்து மற்றொருவர் கேட்டு வழங்கிய அறிவிப்பாளர் தொடர் ‘இஸ்னாத்’ அல்லது ‘ஸனது’ எனப்படும். அத்தொடரில் உள்ள ஒவ்வொருவரிடமும் இரண்டு தகுதிகள் தேடப்பட்டன: ஒழுக்க நேர்மையாகிய ‘அதாலத்’, கேட்டதைப் பிறழாமல் காக்கும் நினைவாற்றலாகிய ‘ளப்து’. நல்லவராயினும் மறதி மிகுந்தவரின் அறிவிப்பும், நினைவாற்றல் மிக்கவராயினும் பொய்யரின் அறிவிப்பும் ஒதுக்கப்பட்டன. மார்க்கத்தை யாரிடமிருந்து பெறுகிறோம் என்பதில் விழிப்பு வேண்டும் என்ற இப்னு ஸீரீனின் (இறப்பு 729) அறிவுரையை இமாம் முஸ்லிம் தம் தொகுப்பின் முன்னுரையிலேயே பதிவு செய்துள்ளார்.

புறம்பேசுதல் இஸ்லாத்தில் கடும் குற்றமாயினும், நம்பகமற்ற அறிவிப்பாளரின் குறையை வெளிப்படுத்துவது அக்குற்றத்தில் அடங்காது என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். இமாம் நவவி (இறப்பு 1277) புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சூழல்களை வகுத்து, மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதை அவற்றுள் ஒன்றாக வைத்து, அறிவிப்பாளர் ஆய்வை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். பிறர் குறையைக் கூறுவதற்குப் பொதுநலத் தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மேற்பட்டுப் பேசலாகாது என்னும் எல்லையும் இதனுடன் சேர்ந்தே வகுக்கப்பட்டது.

திருத்துதலின் நெறி

இக்கடமையை விரிவாக ஆராய்ந்தவர்களுள் இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) முதன்மையானவர். அவர் தமது ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் திருத்துபவர், திருத்தப்படுபவர், தவறு, திருத்தும் செயல் என நான்கு கூறுகளாக இதனைப் பகுத்து, அறியாமல் செய்பவருக்கு அறிவித்தல், அறிந்து செய்பவருக்கு அறிவுரை கூறல், பின்னரே கடுஞ்சொல் எனப் படிநிலைகளை அமைத்தார். தவறு இப்போது நிகழ்வதாகவும், உளவு பார்க்காமலேயே வெளிப்படுவதாகவும், கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லாததாகவும் இருக்க வேண்டும் என்பன அவர் விதிக்கும் நிபந்தனைகள். தந்தையின் தவறைக் காணும் மகன் அறிவிக்கலாம், இதமாக எடுத்துரைக்கலாம், ஆனால் கடிந்து பேசலாகாது என்கிறார். திருத்த முற்படுபவரிடம் அறிவும் பேணுதலும் நற்குணமும் ஒருங்கே அமைய வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார்.

உளவு கூடாது என்பதற்கு அவர் கலீஃபா உமர் பற்றிய செய்தியைச் சான்றாக்குகிறார். ஒருவர் வீட்டுச் சுவரேறிக் குதித்து அவரைக் குற்றநிலையில் கண்ட உமரிடம், தாம் செய்தது ஒரு குற்றமெனில் உமர் செய்தவை மூன்று என்று அவர் கூறினார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியாக வராதது, ஸலாம் சொல்லாமல் நுழைந்தது. உமர் அதனை ஏற்று, பாவமன்னிப்புத் தேடுமாறு மட்டும் கூறி அவரை விட்டுச் சென்றார். அரசால் நியமிக்கப்பட்டுச் சந்தையின் எடை, அளவு முதலியவற்றைக் கண்காணித்த ‘முஹ்தஸிப்’ என்னும் அலுவலருக்கும், தன்னார்வத்தால் திருத்தும் தனிமனிதருக்கும் உள்ள அதிகார வேறுபாட்டை மாவர்தீ (இறப்பு 1058) தமது ஆட்சியியல் நூலில் பிரித்துக் காட்டியுள்ளார்.

கொற்கையும் காயலும்

பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கை, ஆற்று வண்டலால் கடல் விலகியபின் தன் வணிகத்தைப் பழையகாயலிடம் இழந்தது. அதுவும் தூர்ந்தபோது காயல்பட்டினம் தலையெடுத்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலின் குதிரை வணிகத்தையும் முத்துச் செல்வத்தையும் விவரித்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய அரசில் அமைச்சராக இருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் காயல் இருந்ததைக் குறிப்பிட்டார். அரபுக் கடல் வணிகத்தின் வழியாக வந்த ஷாஃபிஈ சட்ட மரபே (மத்ஹபு) இக்கரையில் வேரூன்றியது. கேரளத்தின் பொன்னானியில் புகழ்பெற்ற மக்தூம் அறிஞர் குடும்பமும் மஅபர் என்று அரேபியர் அழைத்த இத்தமிழ்க் கரையிலிருந்து சென்றதே.

இக்கரை முஸ்லிம்கள் பாண்டியர், நாயக்கர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பிற சமயத்தார் ஆட்சியிலேயே பெரும்பாலும் வாழ்ந்தனர். ஆகவே கையால் தடுக்கும் அதிகாரம் ஆட்சியாளரைச் சார்ந்ததாக அமைய, நாவால் திருத்துவதே சமுதாயத்தின் பங்காக எஞ்சியது. ஆலிமின் (மார்க்க அறிஞரின்) சொல்லுக்கு மதிப்பு அவருடைய கல்வியிலிருந்தும் ஒழுக்கத்திலிருந்தும் மட்டுமே கிடைத்தது.

சதக்கத்துல்லா அப்பாவும் உமறுப்புலவரும்

காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து கீழக்கரையில் 1703இல் மறைந்த சதக்கத்துல்லா அப்பா, அதிராம்பட்டினத்தின் மக்தூம் சின்ன நெய்னா லெப்பை ஆலிமிடம் கற்றவர். அரபியில் கவிதைகள் இயற்றிய சட்ட அறிஞர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்க விரும்பிய எட்டயபுரத்து உமறுப்புலவர், வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் மூலச் செய்திகளைக் கேட்டு இவரை நாடியபோது, புலவரின் ஆடம்பரக் கோலத்தைக் கண்டு அப்பா முதலில் மறுத்துவிட்டார் என்று மரபுச் செய்தி கூறுகிறது. பின்னர் மனமிசைந்து, பரங்கிப்பேட்டையில் இருந்த தம் மாணவர் லெப்பை அலி ஹாஜியாரிடம் பாடம் கேட்குமாறு அவரை அனுப்பினார். இவ்வாறு பெற்ற செய்திகளைக் கொண்டு, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில், 5027 பாடல்களாக வளர்ந்ததே சீறாப்புராணம்.

யாப்பில் தேர்ந்த புலவராயினும் நபியின் வரலாற்றைப் பாடுமுன் அரபு நூல்களைக் கற்ற ஆலிமிடம் கேட்டறிய வேண்டும் என்ற ஒழுங்கை இச்செய்தி உணர்த்துகிறது. குறை கண்டபோது கற்பிக்க மறுத்ததும், பின்னர் வழிகாட்டியதும் ஒரே ஆசிரியரின் இரு செயல்களாக அமைந்தமையால், திருத்துதல் என்பது ஒருவரை விலக்கிவைப்பதோடு முடிவதில்லை என்பதும் இதில் விளங்குகிறது. ஏடுகளில் பரவியிருந்த இக்காப்பியத்தைக் காயல்பட்டினத்துப் புலவர் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சேற்றினார்.

அரபுத்தமிழும் ஓதிக்கொடுக்கும் முறையும்

தமிழை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குக் கூடுதல் எழுத்துகள் அமைத்து எழுதும் அரபுத்தமிழ், குர்ஆன் ஓதப் பழகிய எவரும் சட்டநூலைத் தாமே படிக்க வழி செய்தது. காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் செய்யிது முகம்மது (இறப்பு 1898) இவ்வகையில் ‘மகானீ’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ ஆகிய நூல்களை எழுதினார். அவை இலங்கை முஸ்லிம்களிடையேயும் பரவின. மதரசாவுக்குச் செல்லாத பெண்கள் வீட்டிலும் பெண்கள் தைக்காவிலும் (பெண்கள் கூடும் வழிபாட்டிடம்) மார்க்கம் கற்க இத்தகைய நூல்கள் துணைநின்றன.

எனினும் நூலைத் தாமே படிப்பது ஆசிரியரிடம் ஓதுவதற்கு ஈடாகாது என்பதே மரபு. ஆசிரியர் முன் கிதாபை (நூலை) வரிவரியாக ஓதி முடித்தவருக்குப் பிறருக்குக் கற்பிக்கும் அனுமதியாகிய ‘இஜாஸா’ வழங்கப்பட்டது. இன்றைய அரபுக் கல்லூரிகள் வழங்கும் பட்டமும் ‘ஸனது’ என்றே அழைக்கப்படுகிறது. காயல்பட்டினம் மஹ்ழராவில் ஓதியவர் ‘மஹ்ழரி’ என்றும், வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர் ‘பாக்கவி’ என்றும், லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் ‘மன்பஈ’ என்றும் பெயருக்குப் பின் குறிப்பதால், ஒருவர் எங்கே கற்றார் என்பது அவர் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. ஸஹீஹுல் புகாரி நபிமொழித் தொகுப்பை ஆண்டுதோறும் ஒரு மாத காலம் ஓதி விளக்கும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் காயல்பட்டினத்தில் பல தலைமுறைகளாக நடைபெற்று வருகிறது.

மத்ஹபு வேறுபாடும் திருத்தத்தின் எல்லையும்

தமிழ்நாட்டில் கடற்கரை மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபையும், உள்நாட்டு ராவுத்தர் ஹனஃபி மத்ஹபையும் பின்பற்றுகின்றனர். வைகறைத் தொழுகையில் ‘குனூத்’ என்னும் வேண்டுதலை ஷாஃபிஈகள் ஓதுவர், ஹனஃபிகள் ஓதுவதில்லை. மீன் அல்லாத கடலுயிர்களை ஹனஃபி சட்டம் விலக்குவதால், கடற்கரை வீட்டில் தடையின்றிச் சமைக்கப்படும் கணவாய் உள்நாட்டு விருந்தினருக்கு ஆகாததாகலாம். இத்தகைய இடங்களில் ஒருவர் மற்றவரைக் கண்டிப்பதற்கில்லை என்பதற்குக் கஸ்ஸாலி ஷாஃபிஈ ஒருவர் உடும்பு உண்பதை எடுத்துக்காட்டி, ஹனஃபி அதனைத் தடுக்க உரிமையற்றவர் என்றார். அறிஞர்கள் ஒன்றுபட்டு விலக்கியதே கண்டிக்கத்தக்கது என்ற நவவியின் விதியும் இதனையே உறுதி செய்கிறது.

இக்காலம்

20ஆம் நூற்றாண்டில் பா. தாவூத்ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’ போன்ற இதழ்களும், 1980களுக்குப் பின் வளர்ந்த தவ்ஹீத் (ஓரிறைக் கொள்கை) இயக்கங்களும் தர்கா வழிபாடு, மவ்லிது (புகழ்ப்பாடல்) ஓதுதல் முதலியவற்றைக் கண்டித்தன. மரபு ஆலிம்கள் அவற்றுக்குத் தம் நூற்சான்றுகளோடு மறுமொழி கூறினர். எது ஒருமித்து விலக்கப்பட்ட தவறு, எது கருத்து வேறுபாட்டுக்கு உரியது என்பதே இவ்விவாதத்தின் அடிப்படை வினாவாகும். ஒலி, ஒளிப் பதிவுகள் ஆசிரியரை அறியாமலேயே சொற்பொழிவைக் கேட்க வாய்ப்பளிக்கும் இக்காலத்தில், பேசுபவரின் கல்வித் தொடரை விசாரிக்கும் பொறுப்பு கேட்பவரிடமே வந்து சேர்ந்துள்ளது.

திருத்துதலின் எல்லை இந்தியச் சட்டத்திலும் வரையறுக்கப்பட்டுள்ளது. ஃபத்வா (மார்க்கத் தீர்ப்புரை) ஒரு கருத்தே, அதனை யார்மீதும் கட்டாயப்படுத்த இயலாது என்று 2014 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொடர்பற்ற மூன்றாம் மனிதரின் வேண்டுகோளின்பேரில் ஒரு தனிநபரின் விவகாரத்தில் ஃபத்வா வழங்குவதைத் தவிர்க்குமாறும் அறிவுறுத்தியது. சட்ட அடிப்படை வேறாயினும், தொடர்பற்றவர் பிறர் வாழ்வைத் துருவி ஆராயலாகாது என்று கஸ்ஸாலி விதித்த நிபந்தனையோடு இவ்வறிவுரை ஒத்துச் செல்கிறது.