முழுச்சட்டம்: ஓர் அளவின் வரலாறு

புகைப்படக் காமிரா வாங்கப் புகுவோரின் செவியில் இன்று முதலில் விழும் சொல் 'ஃபுல் பிரேம்' என்பது. தமிழில் அதை முழுச்சட்டம் எனலாம். முன்பு பிலிம் இருந்த இடத்தில் இப்போது அமர்ந்திருக்கும் ஒளியுணரி, அதாவது சென்சார், 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையதாயின் அதற்கு இப்பெயர் வழங்குகிறது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், இதுவே நிறைவான அளவு, ஏனையவை குறைபட்டவை என்று எண்ணத் தோன்றும். கல்யாணங்களில் படமெடுத்துப் பிழைக்க முனையும் ஓர் இளைஞர், கடன்பட்டேனும் இதையே வாங்க வேண்டுமெனத் துணிவதற்கும் இவ்வெண்ணம் காரணமாகிறது. ஆகவே, இவ்வளவு எங்கே பிறந்தது, 'முழு' என்னும் அடைமொழி அதற்கு எவ்வாறு வாய்த்தது என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும்.

இதன் பிறப்பிடம் புகைப்படக் கலை அன்று, சினிமாவே. 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டபிள்யூ. கே. எல். டிக்சன், 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம் சுருளின் இரு ஓரங்களிலும் துளைகளிட்டு, அசையும் படங்களுக்கு ஏற்றதாக அமைத்தார். துளைகளுக்கு இடையே எஞ்சிய அகலம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். ஒவ்வொரு படமும் நான்கு துளைகளின் உயரத்தை, அதாவது சுமார் 18 மில்லிமீட்டரை, எடுத்துக்கொண்டது. நிலைப்படம் எடுப்போர் அக்காலத்தில் பெரிய கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் சுமந்து திரிந்தனர். சினிமாச் சுருளை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

அதைப் பொருட்படுத்தியவர் ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரிலிருந்த லைட்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஆஸ்கர் பார்னாக். மைக்ராஸ்கோப்புகளுக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனத்தில் அவர் 1911-இல் சேர்ந்தார். அவருக்கு மூச்சிரைப்பு நோய் இருந்தது. கனத்த காமிராவைத் தூக்கிக்கொண்டு மலைவழி நடப்பது அவருக்கு இயலாத காரியம். சிறு பிலிமில் படமெடுத்துப் பின்னர் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட வழி. சினிமாச் சட்டம் அதற்குப் போதாதென்று கண்டு, சுருளைப் பக்கவாட்டில் ஓடச்செய்து, இரண்டு சட்டங்களின் இடத்தை ஒரே படத்துக்கு அளித்தார். 18-ஐ இரட்டித்தால் 36. எஞ்சிய அகலம் 24. முழுச்சட்டம் பிறந்த கணக்கு இதுவே. 1914-ஆம் ஆண்டளவில் மாதிரிக் கருவி உருவாயிற்று. முதல் உலகப்போரும் அதன்பின் வந்த வறுமையும் கழிந்து, 1925-இல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' என்னும் பெயருடன் அது வெளிவந்தது.

அக்காலத்தவர் இதை 'மினியேச்சர்' காமிரா, அதாவது குறுங்காமிரா, என்றே அழைத்தனர் என்பது நாம் கருதத்தக்கது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவல்லா, டில்லியின் வரலாற்று நிகழ்ச்சிகளைப் படமெடுக்கப் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று ரோலிபிளெக்ஸ். அதன் சதுரப் படம், லைக்காப் படத்தைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு பரப்புடையது. அதே டில்லியில், 1948 ஜனவரியில், காந்தியடிகளின் கடைசி நாட்களையும் இறுதிச் சடங்கையும் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் லைக்காவினால் பதிவு செய்தார். இருவர் படங்களும் இன்று வரலாற்று ஆவணங்கள். எந்த அளவு முழுமையானது என்னும் வினா அவற்றைக் காண்போருக்கு எழுவதே இல்லை.

அப்படியானால் குறுங்காமிராவின் அளவு 'முழு' ஆனது எப்போது? அதற்குவிடை மின்னணு யுகத்தில் கிடைக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னேற்றமாகத் திரட்டும் சி.சி.டி. என்னும் சாதனத்தைக் கண்டனர். 1975-இல் கோடக் கம்பெனியின் ஸ்டீவன் சாசன் அத்தகைய சாதனத்தைக் கொண்டு ஒரு காமிராவை அமைத்தார். அதன் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள். ஒரு படத்தைக் காசெட்டில் பதிக்க 23 வினாடிகள் ஆயின.

ஒளியுணரி சிலிக்கான் வில்லையிலிருந்து வெட்டியெடுக்கப்படுவது. துண்டு பெரிதாக ஆக, ஒரு வில்லையில் கிடைப்பவை குறையும். ஒவ்வொன்றிலும் பழுது நேரும் வாய்ப்போ கூடும். அன்றியும், மின்சுற்றுகளைப் பதிக்கும் யந்திரத்தின் ஒரே பதிப்பில் 36 மில்லிமீட்டர் நீளம் அடங்காமையால், பகுதி பகுதியாகப் பதித்து இணைக்க நேர்ந்தது. இதனால், 1999-இல் வந்த நிக்கான் டி1 போன்ற காமிராக்கள் ஏறக்குறைய 24-க்கு 16 மில்லிமீட்டர் அளவுள்ள ஒளியுணரியையே கொண்டிருந்தன. ஆனால் புகைப்படக்காரரிடம் இருந்த லென்ஸ்களோ பழைய பிலிம் அளவுக்கு அமைந்தவை. அவை வீழ்த்திய பிம்பத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவாயிற்று. அகன்ற காட்சி குறுகியது. லென்ஸ் தரும் பிம்பம் முழுவதும் வேண்டும் என்ற விருப்பமே 'முழுச்சட்டம்' என்னும் பெயருக்கு உயிர் கொடுத்தது. 2002-இல் கான்டாக்ஸ் என் டிஜிட்டலும் கேனன் 1டிஎஸ்ஸும் அவ்விருப்பத்தை நிறைவேற்றின. 2005-இல் வந்த கேனன் 5டி, அதைப் பலருக்கும் எட்டச் செய்தது.

பெயர் தற்செயலாக வந்தது என்பதால் அளவில் பொருளில்லை என்று கொள்ளலாகாது. முற்றத்தில் மழை பெய்யும்போது ஒரு தாம்பாளத்தையும் ஒரு கிண்ணத்தையும் வைப்போம். இரண்டிலும் நீர் ஒரே அளவு உயரும். எனினும் தாம்பாளத்தில் சேரும் நீரே அதிகம். ஒளியும் துளித்துளியாகவே வருகிறது. துளிகளின் எண்ணிக்கை எவ்வளவோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்றத்தாழ்வு இருக்கும் என்பது இயற்கை விதி. 100 துளிகளில் இந்த ஏற்றத்தாழ்வு 10. அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 துளிகளில் 100, நூற்றுக்கு ஒன்றே. மங்கிய ஒளியில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் தோன்றும் புள்ளிகளுக்கு இது ஒரு முக்கிய காரணம். முழுச்சட்டத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அடுத்த சிறிய வகையின் பரப்பு சுமார் 370. ஆகவே, ஒரே துவார எண்ணிலும் ஒரே நேர அளவிலும் எடுத்தால் முன்னது இரண்டேகால் மடங்குக்கும் மேலாக ஒளியைத் திரட்டுகிறது. விளக்கொளியில் நிகழும் முகூர்த்தங்களைப் படமெடுப்பவருக்கு இது மெய்யான ஆதாயம்.

ஆயினும் சிறிய ஒளியுணரியின் முன் அகன்ற துவாரமுடைய லென்ஸைப் பொருத்தினால் இவ்வேற்றுமை பெரும்பாலும் நீங்கிவிடும். தொலைவிலுள்ள பறவைகளைப் படமெடுப்பவருக்குச் சிறிய அளவே அனுகூலம்; அங்கே 300 மில்லிமீட்டர் லென்ஸ், முழுச்சட்டத்தில் 450 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் காட்சியைக் காட்டுகிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்துச் சிறு அளவில் அச்சிடும் படங்களில் இரண்டையும் பிரித்தறிவது அரிது. முழுச்சட்டத்தினும் பெரிய ஒளியுணரி உடைய காமிராக்களும் இன்று உள்ளன. ஆகவே 'முழு' என்பது எல்லையைக் குறிப்பதன்று.

எனவே காமிரா வாங்குவோர், எத்தகைய வெளிச்சத்தில் படமெடுக்கப் போகிறோம், எவ்வளவு பெரிதாக அச்சிடப் போகிறோம், எவ்வளவு சுமையைத் தாங்குவோம் என்னும் மூன்றையும் முதலில் எண்ணுதல் நன்று. கைப்பணம் முழுவதையும் காமிராவுக்கே செலவிட்டு, லென்ஸுக்கு வகையில்லாமல் நிற்பது அறிவுடைமையாகாது. பார்னாக் தம் மூச்சுக்கும் தம் தோளுக்கும் ஏற்ற ஓர் அளவைத் தேர்ந்தார். அவர் வகுத்த எண்களைவிட, தம் தேவையை அளந்தறிந்து கருவியை அமைத்த அவருடைய முறையே நாம் பின்பற்றத்தக்கது.