டாக்கர் ஹப்: இலவசக் கிடங்குக்கு வாடகை யார் கட்டுறாங்க?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வரியைப் பற்றியது. டாக்கர்ஃபைலோட முதல் வரி. 'ஃப்ரம் பைத்தான்', 'ஃப்ரம் நோட்', 'ஃப்ரம் உபுண்டு'ன்னு எழுதுவோம் இல்லையா, அதுதான்.

அந்த வரியை ஒரு தடவை நல்லா பாருங்க. அதில் சர்வர் பேர் இல்லை. எந்த கம்பெனியோட மெஷின்ல அந்த இமேஜ் இருக்குன்னு இல்லை. ஆனாலும் பில்ட் ஓடுது. ஏன்னா, முகவரி சொல்லலைன்னா டாக்கர் தானாகவே டாக்கர் ஹப்புக்குப் போயிடும். இந்த டீஃபால்ட் எப்படி வந்தது, இதுக்கு செலவு யார் பண்ணாங்க, 2020-லயும் 2023-லயும் ஏன் அவ்வளவு கோபம் கிளம்பியது? அதுதான் இன்றைய கதை.

கன்டெய்னர் பழசு, இமேஜ்தான் புதுசு

டாக்கர்தான் கன்டெய்னரைக் கண்டுபிடிச்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. 1979-ல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே 'சிஎச்-ரூட்' வந்துவிட்டது. ஒரு ப்ராசஸுக்கு ஃபைல் சிஸ்டத்தில் ஒரு மூலையை மட்டும் காட்டி, 'உனக்கு உலகம் இவ்வளவுதான்'னு சொல்ற வேலை அது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்' கொண்டுவந்தது. 2006-ல் கூகுள் இன்ஜினியர்கள், ஒரு ப்ராசஸ் கூட்டம் எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி எடுக்கலாம்னு கட்டுப்படுத்துற ஒரு வசதியை எழுத ஆரம்பிச்சாங்க. அதுதான் 'சி-குரூப்ஸ்'. 2008-ல் லினக்ஸ் கெர்னல்ல சேர்ந்தது. அதே வருடம் 'எல்எக்ஸ்சி'யும் வந்தது.

இவை எல்லாமே பிரித்து வைக்கிற வேலையை நல்லா செய்தன. ஆனா ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. என் லேப்டாப்பில் ஓடுற இந்த அப்ளிகேஷனை, அதோட லைப்ரரி, கான்ஃபிக் எல்லாம் சேர்த்து, அப்படியே இன்னொரு மெஷினுக்கு எப்படிக் கொண்டுபோறது?

2013 மார்ச். கலிபோர்னியாவில் சாண்டா கிளாராவில் பைகான் மாநாடு. 'டாட்க்ளவுட்' என்ற சின்ன கம்பெனியின் சாலமன் ஹைக்ஸ், ஐந்து நிமிட லைட்னிங் டாக்கில் டாக்கரைக் காட்டினார். அந்த மாதமே ஓப்பன் சோர்ஸ். ஆறேழு மாதத்தில் கம்பெனியின் பேரே டாக்கர் என்று மாறியது.

அவர்கள் கொண்டுவந்த உண்மையான புது விஷயம் இமேஜ். லேயர் லேயரா அடுக்கின ஃபைல் சிஸ்டம். அடியில் உபுண்டு, அதுக்கு மேல பைத்தான், அதுக்கு மேல உங்க கோட். பத்து அப்ளிகேஷன் ஒரே உபுண்டு மேல நின்னா, அந்த அடி லேயர் மெஷின்ல ஒரு தடவைதான் இருக்கும், ஒரு தடவைதான் டவுன்லோட் ஆகும். 'புஷ்' பண்ணா போகும், 'புல்' பண்ணா வரும்.

பெட்டிக்கு ஒரு துறைமுகம்

டாக்கர் தன்னைப் பற்றிச் சொல்ல எப்பவும் கப்பல் கன்டெய்னரைத்தான் உதாரணமா காட்டும். அந்த உதாரணத்தில் பாதியைத்தான் நாம பேசுறோம். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோட நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. பெட்டி எளிமையான சமாச்சாரம்தான். அதை இறக்குற கிரேன், அடுக்குற யார்டு, அதுக்கேற்ற துறைமுகம், இதுலதான் பெரும் பணம் இறங்கியது. பழைய துறைமுகங்கள் சில இதனாலேயே படுத்தும் போயின.

மென்பொருள் பெட்டிக்கும் துறைமுகம் வேணும். 2014 ஜூனில் டாக்கர் 1.0 வந்தபோது கூடவே டாக்கர் ஹப்பும் வந்தது. பொது இமேஜ் என்றால் வைக்கவும் இலவசம், எடுக்கவும் இலவசம். ஒரு வளர்ற கம்பெனிக்கு இது சரியான கணக்குதான். கூட்டம் வரட்டும், காசு அப்புறம் பார்த்துக்கலாம்.

இங்கே ஒரு சண்டை நடந்தது, அதிகம் பேர் பேசாத சண்டை. டீஃபால்ட் ரெஜிஸ்ட்ரியை பயனரே மாத்திக்கிற வசதி வேணும்னு ரெட் ஹேட் கேட்டது. டாக்கர் ஒத்துக்கலை. ரெட் ஹேட் தன் லினக்ஸோட கொடுத்த டாக்கரில் அந்த வசதியைத் தானே சேர்த்துக்கொண்டது. டாக்கர் பக்கத்து வாதத்தையும் தள்ளிவிட முடியாது: 'உபுண்டு'ன்னு எழுதினா உலகத்தில் எல்லா மெஷின்லயும் ஒரே பொருள் வரணும். இல்லைன்னா உங்க மெஷின்ல ஒண்ணு, என் மெஷின்ல வேற ஒண்ணு. பாதுகாப்புக்கே ஆபத்து. ஆனா அதோட விலை என்ன? உலகத்தின் முகவரி புத்தகத்தில் 'முகவரி இல்லாதவை' எல்லாம் ஒரே கம்பெனியின் வாசலுக்குப் போகும்.

வடிவம் எல்லோருக்கும், வாசல் ஒருத்தருக்கு

2015 ஜூனில் டாக்கர், கோர்ஓஎஸ், கூகுள், ரெட் ஹேட் எல்லாம் சேர்ந்து லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கீழே ஒரு பொதுத் தர அமைப்பை உருவாக்கினாங்க. அதுதான் 'ஓசிஐ'. 2017 ஜூலையில் இமேஜ் வடிவத்துக்கான 1.0 தரம் வந்தது. இமேஜ் ஒரு கம்பெனியின் சொத்தா இல்லாமல் பொது வடிவமாச்சு. இதற்குள் அமேசான் 2015 முடிவில் தன் சொந்த ரெஜிஸ்ட்ரியைத் திறந்துவிட்டது. கூகுளிடமும் ஒன்று இருந்தது.

அதாவது, பெட்டியை எந்தத் துறைமுகத்திலும் இறக்கலாம். ஆனாலும் உலகம் முழுக்க டாக்கர்ஃபைல்களின் முதல் வரி அப்படியேதான் இருந்தது. யாரும் அதை மாத்தலை. சும்மா ஓடுற வரியை யார் தொடுவாங்க?

2020: பில் வந்தது

2019 நவம்பரில் டாக்கர் தன் என்டர்பிரைஸ் தொழிலை மிராண்டிஸுக்கு விற்றது. மிச்சம் இருந்தது டெவலப்பர்களுக்கான டெஸ்க்டாப்பும் ஹப்பும்தான். ஹப்பில் என்ன இருக்குன்னு 2020 ஆகஸ்டில் அவங்களே கணக்கு சொன்னாங்க: மொத்தம் 15 பெட்டாபைட் இமேஜ். அதில் 10 பெட்டாபைட்டுக்கு மேல் ஆறு மாதமா யாரும் தொடாதது. கணக்கு இல்லாமல் வருபவர்களில் 1 சதவீதம் பேர், மொத்த டவுன்லோடில் சுமார் 30 சதவீதத்தை எடுத்துக்கிட்டிருந்தாங்க.

யார் அந்த 1 சதவீதம்? பெரும்பாலும் மனிதர்கள் இல்லைன்னு ஊகிக்கலாம். ஒவ்வொரு கமிட்டுக்கும் புது மெஷின் எழுந்து, முதல்ல இருந்து இமேஜை இழுத்து, டெஸ்ட் ஓட்டி, செத்துப்போற சிஐ பைப்லைன் ஒவ்வொரு தடவையும் அதே உபுண்டுவை மறுபடி மறுபடி இழுக்கும். வெளியே போற ஒவ்வொரு ஜிபிக்கும் க்ளவுட் கம்பெனி காசு வாங்கும். இழுக்கிறவருக்கு இலவசம், அனுப்புறவருக்கு பில்.

2020 நவம்பரில் வரம்பு வந்தது. லாகின் இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு 100 புல், இலவசக் கணக்குக்கு 200. கேட்க தாராளமாத்தான் இருக்கு. ஆனா லாகின் இல்லாதவங்களை ஐபி முகவரி வைத்துத்தான் எண்ணுவாங்க. ஒரு ஆபீஸ்ல 300 பேர் ஒரே பொது ஐபி வழியா வெளியே போனா, அந்த 100 எல்லாருக்கும் சேர்த்துத்தான். குபெர்நெட்டீஸ் க்ளஸ்டருக்கும் அதே கதை. நள்ளிரவில் நோட் ஒண்ணு விழுந்து, புது நோட் எழுந்து, இமேஜை இழுக்கப் போனா '429, டூ மெனி ரெக்வெஸ்ட்ஸ்'. கோட்ல தப்பில்லை, நெட்வொர்க்ல தப்பில்லை, ஆனா பாட் எழுந்திருக்காது.

கிட்ஹப் அந்த செப்டம்பரிலும் அமேசான் டிசம்பரிலும் பொது இமேஜுக்கான தங்கள் கிடங்குகளைத் திறந்தன.

2023 மார்ச்: ஒரே மாதம், இரண்டு கதை

முதல் கதை. மார்ச் 14 அன்று டாக்கர், இலவச டீம் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு மெயில் அனுப்பியது. 30 நாளில் காசு கட்டும் திட்டத்துக்கு மாறுங்க, இல்லைன்னா கணக்கு முடங்கும். அந்த டீம்களில் நிறைய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்கள் இருந்தன. அவங்க பயந்தது காசுக்காக மட்டும் இல்லை. நம்ம பேரை விட்டுக்கொடுத்தா, நாளைக்கு வேற ஒருத்தன் அதே பேரை எடுத்து, அதில் மால்வேர் வச்சா? உலகம் முழுக்க டாக்கர்ஃபைல்கள் அந்தப் பேரைத்தானே கூப்பிடும்? பேரை யாருக்கும் கொடுக்க மாட்டோம்னு டாக்கர் விளக்கம் சொன்னது, இரண்டு நாளில் மன்னிப்பு கேட்டது, மார்ச் 24 அன்று முடிவையே திரும்ப வாங்கியது.

இரண்டாவது கதை. குபெர்நெட்டீஸின் சொந்த இமேஜ்கள் ரொம்ப காலமா கூகுளின் ரெஜிஸ்ட்ரியில், கூகுளின் முகவரியில் இருந்தன. கூகுள் நிதியும் கொடுத்தது. ஆனா இழுப்பவர்களில் பெரும் பங்கு அமேசான் க்ளவுடில் இருந்தாங்க. ஒரு க்ளவுடிலிருந்து இன்னொரு க்ளவுடுக்கு டேட்டா போறதுதான் செலவு அதிகம். அதனால அந்த சமூகம் தன் சொந்த டொமைனில் ஒரு புது முகவரியை உருவாக்கியது. நீங்க அமேசானிலிருந்து கேட்டா அமேசானுக்குள்ளேயே இருக்கும் பிரதியிலிருந்து வரும். 2023 மார்ச்சில் பழைய முகவரியிலிருந்து போக்குவரத்தைத் திருப்பினாங்க. ஏப்ரல் 3 அன்று பழைய கிடங்கில் புது இமேஜ் வைப்பதை நிறுத்தினாங்க.

இரண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. இரண்டிலும் பிரச்சினை ஒண்ணுதான், கிடங்குச் செலவு. ஆனா ஒரு இடத்தில் பேரே கிடங்குக்காரர் கையில் இருந்தது. இன்னொரு இடத்தில் பேர் சமூகத்தின் கையில், பின்னாடி இருக்கிற கிடங்கை மட்டும் மாத்திக்கலாம். அடுத்த தடவை செலவு ஏறினா, பயனர் யாரும் ஒரு வரி கூட மாத்த வேண்டாம்.

அப்போ நாம?

டாக்கரை வில்லன்னு சொல்லி முடிச்சிடலாம், சுலபம். எனக்கு அப்படித் தோணலை. ஆறு வருடம் உலகத்துக்கே இலவசமா இமேஜ் ஊட்டின கம்பெனி அது. இலவசம்னு எழுதியிருந்தா அது நிரந்தரம்னு நாம எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கிட்டோம், அவ்வளவுதான்.

செய்ய முடிஞ்சது மூணு. ஒண்ணு, இமேஜ் பேரை முகவரியோட முழுசா எழுதுங்க. யாரை நம்பியிருக்கோம்னாவது தெரியும். இரண்டு, டேகை மட்டும் நம்பாம டைஜஸ்டையும் போடுங்க. அது உள்ளடக்கத்தோட கைரேகை. எந்தக் கிடங்கிலிருந்து எடுத்தாலும் அதே பொருள்தானான்னு சரிபார்க்கும். மூணு, 'ஹார்பர்' மாதிரி ஒண்ணை நிறுவி, வெளியிலிருந்து ஒரு தடவை இழுத்ததை உள்ளேயே வச்சுக்கோங்க.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் உங்க ப்ராஜெக்ட்ல 'ஃப்ரம்' வரிகளை மட்டும் தேடிப் பாருங்க. அதில் எத்தனை பேர் முகவரி இல்லாம நிக்குதுன்னு எண்ணி எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.