உப்பும் குளிரும்: ஊன் காப்பு வரலாற்றில் புதுச்சேரி

ஊனைக் கெடாது காத்தற்குத் தமிழர் பண்டு துணைக்கொண்டவை வெயிலும் உப்பும் ஆகும். புறநானூற்றில் பயிலும் ‘வாடூன்’ என்னும் சொல் உலர்த்திய ஊனைக் குறிக்கும். பிற்கால வழக்கில் அஃது ‘உப்புக்கண்டம்’ எனப்பெற்றது. மீனை உலர்த்தியது ‘கருவாடு’. வாடூன், கருவாடு ஆகிய பெயர்கள் ஓர் உண்மையை உணர்த்தி நிற்கின்றன. உப்பு, ஊனின் நீரை ஈர்த்து நுண்ணுயிர் பெருகாவண்ணம் தடுக்கும்; ஆயின் சுவையும் மென்மையும் மாறிவிடும். காக்கப்பெற்றது ஊனேயன்றி அதன் புதுமை அன்று.

இவ்வுப்பின் வரலாற்றில் புதுச்சேரிக்குத் தனியிடம் உண்டு. 1674 முதல் பிரெஞ்சுக்காரர் நிலைகொண்ட இந்நகர், 1793இல் ஆங்கிலேயர் வயமாகி, 1816இல் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. அதற்கு முன்னரே, 1815 மார்ச்சு 7ஆம் நாள் இருநாட்டாரும் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டனர். அதன்படி, உள்ளூர்த் தேவைக்குரியது நீங்கலாகப் பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 இலட்சம் சிக்கா ரூபாய் அளிக்கப்பெற்றது. 1818இல் செய்த மற்றோர் உடன்பாட்டால் உப்பு விளைவித்தலே நிறுத்தப்பெற்றது. உப்பள உரிமையாளர்க்கென ஆண்டிற்கு 4,000 வராகன் இழப்பீடு வகுக்கப்பெற்றது. கடலை எதிரே கொண்ட ஊர், தன் கருவாட்டுக்கும் உப்புக்கண்டத்துக்கும் வேண்டிய உப்பைத் தானே விளைவிக்கும் உரிமையை இழந்தது.

உப்புக்கு மாற்றாக அமையத்தக்க குளிர், தமிழ்க் கடற்கரைக்கு முதலில் விலைப்பொருளாக வந்தது. அமெரிக்க வணிகர் பிரடெரிக் டியூடர் 1833இல் பாசுடன் நகரினின்று கல்கத்தாவிற்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842 அளவில் எழுந்த பனிக்கட்டிக் கிடங்கு இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அங்குச் சேமித்த பனிக்கட்டி பெரும்பாலும் ஐரோப்பியரின் பருகுநீரைக் குளிர்வித்ததேயன்றி ஊன் வணிகத்தை மாற்றிற்றில்லை. எந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவவே, அவ்வணிகம் மறைந்தது.

அவ்வெந்திர முறையை ஊன் காப்பிற்குப் பயன்படுத்தி வழிகாட்டியவருள் இருவர் புதுச்சேரியை ஆண்ட நாட்டினரே. சார்ல் தெலியே என்பார், ‘பிரிகோரிபிக்’ என்னும் கப்பலில் ஊனை உறையவிடாது, சுழிப்பாகையை ஒட்டிய குளிரில் வைத்து, 1876 செப்டம்பரில் ரூவன் நகரினின்று அனுப்பினார். கப்பல் டிசம்பர் 25ஆம் நாள் புவனசு அயர்சு அடைந்தது. பெர்தினாந் கார்ரே கண்ட அம்மோனியா எந்திரம் பொருத்திய ‘பராகுவே’ கப்பலோ, 1877–78இல் ஆட்டூனை முற்றும் உறையவைத்துப் பிரான்சிற்குக் கொணர்ந்தது.

இவ்விரு கப்பல்களும் இருவேறு முறைகளைக் குறிப்பன. அவற்றைத் தமிழில் ‘குளிர்வித்தல்’, ‘உறைவித்தல்’ எனப் பிரித்து வழங்குதல் தகும். குளிர்வித்த ஊன் புதுமை குன்றாது நிற்பினும், நெடுநாள் தாங்காது. ஊனின் நீர் ஏறத்தாழச் சுழிக்குக் கீழ் 1.5 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். இக்காலத்தார் உறைவித்த ஊனைச் சுழிக்குக் கீழ் 18 பாகையில் வைத்துப் பல திங்கள் காப்பர். மெல்ல உறையின் பெரிய பனிப்படிகங்கள் தோன்றித் தசையணுக்களைச் சிதைக்கும். உருகும்போது சாறு வடிந்து ஊன் சுவை குன்றும். விரைந்து உறையின் படிகங்கள் சிறியனவாகிச் சிதைவு குறையும். ஆதலின், குளிரின் அளவேயன்றி அதன் விரைவும் ஊனின் தரத்தை வரையறுப்பதாகும்.

உப்பை விட்டுக்கொடுத்த ஆட்சியின் தாய்நாடே குளிர்க்கலையில் முன்னின்றது என்பது வரலாற்றின் முரணாகும். இவற்றிடையே காரண காரியத் தொடர்பு காண்டல் பொருந்தாது. எனினும், ஒன்று தெளிவு. ஊனைக் காக்கும் முறை அறிவால் மட்டும் அமைவதன்று. அதற்குரிய பொருள் யார் கையில் உள்ளது என்பதனாலும் அமைவது. உப்பு, கடலோரத்து எளியோர்க்கு எட்டிய பொருள்; ஆயினும் ஓர் உடன்படிக்கை அதனை அகற்றிற்று. குளிரோ, தொடக்கத்திலேயே விலை கொடுப்போர்க்கு உரியதாய் வந்தது. வாடூனின் வரலாறு எழுதப்புகுவோர், சொல்லை ஆராய்வதோடு உப்பளத்தின் உரிமையையும் ஆராய்தல் வேண்டும்.