பழஞ்சோற்றின் வரலாறு

முடிமன்னர் வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் சான்று பகர்கின்றன. அடுக்களையின் வரலாற்றுக்கு அத்தகைய சான்றுகள் மிகுதியாக இல்லை. ஆயினும், இரவில் மிஞ்சிய சோற்றைக் காலையில் உண்ணும் வழக்கத்திற்கு நம் மொழியில் மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டு இயற்றிய சங்க நூல் பெரும்பாணாற்றுப்படை. வயல்வேலை செய்து கை காய்த்த உழைப்பாளரின் பிள்ளைகள், பழஞ்சோற்றுத் திரளையை வெறுத்து, அவல் இடிக்கும் காட்சி அந்நூலில் வருகிறது. காலையில் பழையதைக் கண்டு முகஞ் சுளிக்கும் பிள்ளைகள் நம் காலனியில் மட்டும் தோன்றியவர் அல்லர் என்று தாய்மார்கள் ஆறுதல் கொள்ளலாம்!

பழையதற்குப் புழுங்கலரிசிச் சோறே ஏற்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்துக்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; தீட்டிய பின்னும் அது நிலைத்து நிற்கிறது. அத்தகைய சோற்றில் நீரூற்றி வைத்தால், தயிரைப் புளிக்கச் செய்யும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் இரவெல்லாம் பெருகி இளம் புளிப்பைத் தருகின்றன. இந்த நீராகாரமே ஏர் பிடித்த தலைமுறைகளுக்கு நண்பகல் வரை தாங்கும் வலுவைத் தந்தது.

பிழைப்பை நாடிக் கரக்பூருக்கு வந்த நாம், இவ்வழக்கம் நமக்கு மட்டுமே உரியதன்று என்பதை அண்டை வீட்டாரிடம் கண்டறிந்தோம். ஒரியர் இதனைப் 'பகாளா' என்பர். பூரி ஜகந்நாதருக்கே அது நிவேதனமாகிறது. வங்காளியர்க்கு இது 'பாந்தா பாத்'. அஸ்ஸாமியர்க்குப் 'பொயிதா பாத்'. நம் பணிமனையில் விசுவகர்ம பூசை நடைபெறும் செப்டம்பர் மாத நாளை நினைவு கூர்க. பாத்ர மாதத்தின் கடைசி நாளாகிய அன்று, அக்கம்பக்கத்து வங்காளியர் வீடுகள் பலவற்றில் அடுப்பு மூட்டுவதில்லை. 'அரந்தன்', அதாவது சமையாமை, என்னும் நோன்பு அது. முதல்நாள் இரவு சமைத்ததையும் நீரூற்றிய சோற்றையும் மனசா தேவிக்குப் படைத்து உண்பர். நம் வீட்டில் பிள்ளைகள் மறைத்து உண்ணும் பழையது, அடுத்த வீட்டில் அம்மனுக்குரிய படையலாக விளங்குகிறது.

இனி, இவ்வரலாற்றின் துயரமான பகுதிக்கு வருவோம். 1942 அக்டோபர் 16ஆம் நாள், கரக்பூரை உள்ளடக்கியிருந்த அன்றைய மேதினிப்பூர் மாவட்டத்தின் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், விளைந்து நின்ற நெல் அழிந்தது. போர்க்காலமாதலின் பர்மா அரிசி வரத்து முன்னரே நின்றிருந்தது. விலை ஏழைக்கு எட்டாத உயரம் சென்றது. 1943இல் வங்கப் பெரும்பஞ்சம் மூண்டது. அதில் மடிந்தோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் என்று கணக்கிடுகின்றனர்.

நெல் விளைவித்த கிராமத்தார் கல்கத்தாத் தெருக்களில் வீடு வீடாகச் சென்று சோறு கேட்கவில்லை. சோறு கிடைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் கேட்டது 'ஃபேன்'. சோற்றை வடித்தபின் நாம் கீழே கொட்டிவிடும் வடிகஞ்சியின் வங்காளிப் பெயர் அது. 'ஃபேன் தாவ்' என்ற அந்தக் குரலைக் கேட்டோர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. மேதினிப்பூர்க் கிராமங்களில் அலைந்து, கண்டவற்றைச் சித்திரங்களாகத் தீட்டினார் ஓவியர் சித்தபிரசாத். 'பசித்த வங்கம்' என்னும் அவரது நூலின் படிகளை அன்றைய ஆட்சியினர் பறித்து எரித்தனர்.

இரயில்வே குடும்பத்தாராகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இதிலுண்டு. போர்ப்பணிக்கு இன்றியமையாதவர் எனக் கருதப்பட்ட இரயில்வே ஊழியர்க்கு, அக்காலத்தில் தனித் தானியக் கடைகளில் சலுகை விலையில் அரிசி கிடைத்தது. குவார்ட்டர்ஸ் அடுப்புகளில் சோறு வடிந்தபோது, இருப்புப் பாதையின் மறுபுறத்துக் கிராமங்களில் வடிகஞ்சியும் இல்லை. எவரையும் குறைகூற இதை எழுதவில்லை. நம் முன்னோர் உலையில் வெந்த அரிசிக்கு அப்படியொரு விலை இருந்தது என்பதை நம் மக்கள் அறிதல் நன்று.

தமிழகமும் அத்துயரை அறியும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தையும், அதன் கஞ்சித் தொட்டிகளையும் நம் பாட்டிமார் வழிவழியாகக் கேட்டிருந்தனர். சிந்திய பருக்கையைப் பொறுக்கச் சொன்ன அவர்களின் கண்டிப்பு கஞ்சத்தனம் அன்று, பஞ்சத்தின் நினைவு. 1965இல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைக் கைவிடுமாறு நாட்டு மக்களை வேண்டியபோது, அந்த நினைவே எண்ணற்ற இல்லங்களில் அவருக்குத் துணை நின்றது.

அந்நினைவிலிருந்து பிறந்ததே நம் அடுக்களைச் சிக்கனம். மிஞ்சிய சோற்றைப் பிசைந்து, சீரகமும் மிளகாயும் உப்பும் சேர்த்துக் கிள்ளி வைத்து வெயிலில் உலர்த்தினால் வடகம். பொங்கலன்று மிஞ்சிய குழம்பையும் கறியையும் மண்சட்டியில் ஒன்றாக்கிச் சுண்ட வைத்தால், நெல்லைச் சீமையார் விரும்பும் சுண்டக்கறி. பீர்க்கங்காயின் தோல் துவையலாகும். புளித்த மோர் குழம்பாகும். உதிர்த்த இட்லி தாளித்த உப்புமாவாகும். அரிசியை இரண்டாம் முறை களைந்த நீர் குழம்புக்கு உதவும்.

எச்சரிக்கை ஒன்றும் கூறுவேன். சோற்றை நெடுநேரம் வெளியே வைத்திருந்து பின் நீரூற்றுதல் தகாது. ஆறியவுடன் தூய நீரூற்றி மூடி வைத்து, மறுநாட் காலையிலேயே உண்க. இளம் புளிப்பு நன்று. ஊசிய வாடையோ நூல்போன்ற இழையோ கண்டால் கொட்டிவிடுக. கெட்ட சோற்றில் உண்டாகும் சில நஞ்சுகள் மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. கோடைப் புழுக்கத்தில் குளிர்பதனப் பெட்டியே பாதுகாப்பானது.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாப் பந்தியில் வேண்டிய அளவே இலையில் கேட்டு வாங்குவோம். அண்டாவில் மிஞ்சுவதை, சூடு தணியுமுன் உண்பார்க்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பை இளைஞர் இருவரிடம் முன்கூட்டியே ஒப்படைப்போம். பழையது உண்ணும் பிள்ளையைப் பார்த்து நகைப்போர் இருப்பின், இம்மண்ணில் 1943இல் கேட்ட குரலை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.