வீட்டுத் தொலைபேசியை வெட்டுவதா, வைத்திருப்பதா?

சென்ற மாதம் வீட்டுச் செலவுக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் பேனா நின்றது: தொலைபேசிக் கட்டணம். வீட்டில் உள்ள மூவரிடமும் கைத்தொலைபேசி உண்டு. முன்விறாந்தை மேசையில் இருக்கும் பழைய தொலைபேசியோ மாதத்தில் இரண்டு மூன்று முறை மணியடித்தாலே அதிசயம். அதற்காக மாதாமாதம் வாடகையும் வரியும் செலுத்துவது வீண் என்று மகள் சொல்கிறாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் நாட்டில் ஒவ்வொரு நூறு ரூபாவையும் இருமுறை எண்ணிப் பார்க்காத குடும்பம் இல்லை. கணக்கின்படி அவள் சொல்வது சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி என்பது கணக்கோடு மட்டும் முடிகிற விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை.

எனது சிறுவயதில், எழுபதுகளில், எங்கள் ஊரில் தொலைபேசி இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணலாம். உப தபாற்கந்தோர், ஒரு வைத்தியர் வீடு, ஒரு மொத்த வியாபாரியின் கடை. கொழும்புடன் பேசுவதென்றால் 'ரங் கோல்' பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அக்காலத்தில் அஞ்சலும் தொலைபேசியும் ஒரே திணைக்களத்தின் கீழ் இருந்தன. 1980இல் அவை பிரிக்கப்பட்டன. தொலைத்தொடர்புத் திணைக்களம் 1991இல் கூட்டுத்தாபனமாகவும், 1996இல் நிறுவனமாகவும் மாறியது. மறு ஆண்டில் ஜப்பானின் என்.ரி.ரி. அதன் பங்குகளில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் வாங்கியது. தென்னிலங்கையில் ஓர் இணைப்புக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

எங்களுக்கு அந்தக் காத்திருப்புக்கூட வாய்க்கவில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதோடு குடாநாட்டின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. மின்சாரமும் போயிற்று. 1983க்குப் பின் பிள்ளைகள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறிப் போயிருந்தார்கள். பெற்றோர் இங்கே இருந்தார்கள். நடுவில் கம்பி இல்லை. ஒரு மகனின் குரலைக் கேட்பதற்காகக் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து, வவுனியாவுக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் சென்ற தாய்மாரை நான் அறிவேன். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லொட்ஜில் தங்கி, குறித்த நாளில் வரும் அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். பத்து நிமிடப் பேச்சுக்கு உயிரைப் பணயம் வைத்த பயணம். பேசியதில் பாதி அழுகையாகவே போயிருக்கும்.

அந்த ஆண்டுகளில் பத்திரிகைகளும் தொலைபேசி இல்லாமலே வெளிவந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு, பி.பி.சி. தமிழோசையின் செய்திகளைக் குறிப்பெடுத்து, கிடைத்த தாளில் அச்சிட்டார்கள். அச்சுத்தாள் இல்லாதபோது பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாளிலும் 'உதயன்' வந்தது. அன்று பல்கலைக்கழக மாணவனாக அதை வாசித்தவன் நான். பின்னாளில் இத்தொழிலுக்கு வந்தபோது, செய்தியாளனுக்குத் தொலைபேசி என்பது எத்தகைய வசதி என்பதை எனது தலைமுறை போல் உணர்ந்தவர் வேறெவரும் இருக்க முடியாது என்று எண்ணினேன்.

1995 இடப்பெயர்வுக்குப் பின், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தொலைபேசி படிப்படியாகத் திரும்பியது. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையும் ஏ9 வீதித் திறப்பும் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்தன. சந்திக்குச் சந்தி 'கொமினிக்கேசன்' கடைகள் முளைத்தன. 2003இல் நாடெங்கும் எண்கள் பத்து இலக்கங்களாயின. 021 என்ற எங்கள் பிரதேசக் குறியீடு அப்படியே நின்றது. எங்கள் வீட்டுக்கும் ஓர் இணைப்பு வந்தது. வந்த நாளிலிருந்து அது எங்களுடைய தொலைபேசி மட்டுமாக இருக்கவில்லை. ஒழுங்கையில் உள்ள ஆறேழு குடும்பங்கள் அந்த எண்ணையே தம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தன. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தொலைபேசி அட்டை சுரண்டி அழைப்பவர்களிடம், "கொஞ்சம் பொறுங்கோ, கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வேலிக்கு மேலால் கூப்பிடுவது எனது அன்றாடக் கடமையாயிற்று.

2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. குடாநாட்டில் கைத்தொலைபேசிகள் ஊமையாயின. கம்பித் தொலைபேசியும் அடிக்கடி செத்துப் பிழைத்தது. ஆனால் அது உயிரோடிருந்த வேளைகளில் மின்சாரம் இல்லாமலும் பேசியது. காரணம் எளிது. செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்தின் மின்கலங்களிலிருந்து, 48 வோல்ற்று அளவில், அந்தக் கம்பி வழியாகவே வருகிறது. வீடு இருண்டாலும் கருவி இயங்கும்.

இந்தக் காரணத்தையே மகளிடமும் சொன்னேன். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும், மின்கலம் தீர்ந்த கோபுரங்களால் கைத்தொலைபேசிச் சமிக்ஞை பல இடங்களில் குன்றியதையும் நினைவூட்டினேன். அவள் சிரித்தாள். எங்கள் வீட்டுச் செப்புக் கம்பி கழற்றப்பட்டு, கண்ணாடி இழை இணைப்பு வந்துவிட்டது. சுவரில் உள்ள பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் அதுவும் போகும். வாதத்தில் நான் தோற்றேன்.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. பிரித்தானியாவில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 இறுதியில் நிறுத்துவதாக இருந்தார்கள். தனித்து வாழும் முதியோரின் அவசர அழைப்புக் கருவிகள் பழைய இணைப்பையே நம்பியிருந்தமை பெரும் சிக்கலாக எழுந்தது. கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. ஒரு கம்பியை அறுக்கும்போது, அதை யார் பற்றியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

எங்கள் கம்பியை யார் பற்றியிருக்கிறார்கள் என்பதைச் சென்ற வாரம் அறிந்தேன். தொலைபேசியை வெட்டப்போகும் செய்தி எப்படியோ ஒழுங்கைக்குப் போய்விட்டது. பின்வீட்டு மாமி வந்தார். எண்பதைக் கடந்தவர். அவருடைய இளைய மகன் 2007இல் ஒரு நாள் காலை சைக்கிளில் கடைக்குப் போனவன். இன்றுவரை திரும்பவில்லை. அலுவலகங்கள், ஆணைக்குழுக்கள், விண்ணப்பப் படிவங்கள் எல்லாவற்றையும் அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி, வெட்டப்போறியளாம், உண்மையோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "அவனுக்குப் பாடமாத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்டுதான். அப்ப எங்களிட்ட போன் இல்லை. காசை நான் தாறன்."

அவருக்கு இப்போது சொந்தக் கைத்தொலைபேசி உண்டு. வெளிநாட்டு மகள் வாங்கிக் கொடுத்தது. அந்த எண் மகனுக்குத் தெரியாது. இணைப்பைத் துண்டித்தால் எங்கள் எண் ஒருநாள் வேறு யாருக்கேனும் போகக்கூடும். அங்கே ஒரு புதியவர் எடுத்து, "தவறான இலக்கம்" என்று சொல்லக்கூடும். அப்படியோர் அழைப்பு வரும் என்று நான் நம்புகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நம்பவில்லை. மாமியும் முழுமையாக நம்புகிறார் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வராது என்று முடிவு செய்யும் உரிமை மாதக் கட்டணத்தைச் செலுத்தும் எனக்கு இல்லை.

மாமியிடம் காசு வாங்கவில்லை. நான் காலையில் வாங்கும் இரண்டு பத்திரிகைகளில் ஒன்றை நிறுத்திவிட்டேன். பத்திரிகைக்காரன் செய்யக்கூடாத வேலைதான். மகளும் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. நேற்று மாலை தொலைபேசி மணியடித்தபோது, என்னை முந்திக்கொண்டு ஓடிப்போய் எடுத்தவள் அவள்தான்.

வங்கியிலிருந்து, கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டார்கள்.